வி.சாலையில் திரண்ட கூட்டமும் என் கைப்பேசியில் ஏறிய எண்ணிக்கையும்



அரசியலைப் பற்றி எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பதும், ரமளானில் தராவீஹுக்குப் பின் சில நிமிடங்கள் பயான் செய்வதும்தான் என் பணி. ஆனால் 2024இல் அரசியல் எங்கள் ஊருக்கு வந்தது. பிறகு என் வீட்டுக்குள் வந்தது. இறுதியில் என் நஃப்ஸுக்குள்ளும் புகுந்துவிட்டது. அதனால் இதை எழுதுகிறேன். இதில் எந்தக் கட்சிக்கும் ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. வீட்டில் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கு இது பயன்படக்கூடும் என்பதே என் நிய்யத்.

மூன்று மாத இடைவெளியில் இரண்டு காட்சிகள்

விக்கிரவாண்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வரும். சென்னையிலிருந்து திருச்சி செல்வோரும், இங்கே பிரிந்து கும்பகோணம், தஞ்சாவூர் செல்வோரும் எங்களைக் கடந்து போவார்களே தவிர, நின்று பார்ப்பதில்லை. 2024ஆம் ஆண்டு அந்த நிலை மாறிற்று.

எங்கள் சட்டமன்ற உறுப்பினர் புகழேந்தி அவர்கள் அவ்வாண்டு ஏப்ரலில் காலமானதால் ஜூலை 10 அன்று இடைத்தேர்தல் நடந்தது. அமைச்சர்கள் தெருத் தெருவாக வந்தார்கள். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாக்குக் கேட்டார்கள். பள்ளிவாசல் வாயிலில் ஜும்ஆவுக்குப் பின் சலாம் சொல்லிக் கைகுலுக்கினார்கள். 82 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குப் பதிவாகி, தி.மு.க.வின் அன்னியூர் சிவா 67 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். இது நாம் பல்லாண்டுகளாக அறிந்த தேர்தல். நடந்தே வரும் தேர்தல்.

அதற்குப் பின் மூன்றரை மாதங்களில், அக்டோபர் 27 ஞாயிற்றுக்கிழமை, நடிகர் விஜய் தம் தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநில மாநாட்டை எங்கள் ஊருக்கு அருகில் வி.சாலையில் நடத்தினார். அவர் கட்சி தொடங்கி ஒன்பது மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. எங்கள் தெருவில் அவர் கட்சிக்காக ஒருவரும் கதவைத் தட்டியதில்லை. ஆயினும் முதல் நாள் இரவே வண்டிகள் வரத் தொடங்கின. காலையில் பஜ்ர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது நெடுஞ்சாலைப் பக்கமிருந்து ஒலிப்பான்களின் சத்தம் ஓயாமல் கேட்டது. நண்பகலில் சாலை நகராமல் நின்றுவிட்டது. பெரியார், காமராஜர், அம்பேத்கர், வேலு நாச்சியார், அஞ்சலை அம்மாள் ஆகியோரின் உயரமான உருவங்கள் மாநாட்டுத் திடலில் நிறுத்தப்பட்டிருந்தன. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் பார்க்க வந்த உருவம் ஒன்றே. வெயிலில் மயங்கி விழுந்தவர்கள் பலர். மாநாட்டுக்கு வரும் வழியில் விபத்தில் உயிரிழந்த இளைஞர்களும் உண்டு.

அந்தக் கூட்டத்தில் என் மகனும் இருந்தான்.

அந்த இரவு

அப்போது அவனுக்குப் பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு. நண்பன் வீட்டில் கணக்குப் படிக்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். நான் மக்தபில் பிள்ளைகளுக்குப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணனின் கைப்பேசியைக் கையில் வைத்திருந்த ஒரு சிறுவன், "ஹஜ்ரத், நம்ம அண்ணனைப் பாருங்க" என்று கள்ளமில்லாமல் நீட்டினான். யாரோ ஒருவருடைய தோளில் ஏறி நின்று, சிவப்பும் மஞ்சளுமான துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தான் என் மகன். பின்னணியில் ஒரு திரைப்படப் பாடல். பார்த்தவர்கள் எண்ணிக்கை அதற்குள் ஆயிரங்களில் ஏறியிருந்தது.

அவன் பேருந்து கிடைக்காமல் நடந்தே வந்து வீடு சேர்ந்தபோது இரவு பதினொரு மணி. உதடு காய்ந்திருந்தது, ஒரு செருப்பைக் காணவில்லை. அவன் அம்மா முதலில் தண்ணீர் கொடுத்தாள். நானோ முதலில் கேள்வி கேட்டேன்.

"அஸர் தொழுதாயா? மஃரிப் தொழுதாயா? பொய் சொல்லிவிட்டுப் போக யார் கற்றுக்கொடுத்தது? ஒரு நடிகனுக்காகவா?"

தெருவுக்கே கேட்கும்படி சத்தமிட்டேன். கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. படுக்கப் போகுமுன் ஒன்று மட்டும் சொன்னான்: "அத்தா, அங்கே யாரும் என்னை எந்த ஊர், என்ன சாதி, என்ன மதம்னு கேக்கலை."

அந்தச் சொல்லுக்கு என்னிடம் அன்று பதில் இல்லை. பதில் இல்லாததால் இன்னும் கோபப்பட்டேன். அதற்குப் பின் பல வாரங்கள் எங்களுக்குள் சலாமும் பதில் சலாமும் தவிர வேறு பேச்சில்லை.

இது புதிய நோயா?

பிள்ளைகளின் கைப்பேசிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நம்மில் பலர் சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் சற்று நினைத்துப் பார்த்தால், நம் தாத்தாமார்களும் இதையே செய்தார்கள். 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆர். துப்பாக்கியால் சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருந்த அவரது படம் அந்தத் தேர்தலில் தமிழ்நாடெங்கும் சுவரொட்டியாக ஒட்டப்பட்டது. தொகுதிக்கு வராமலேயே பரங்கிமலையில் அவர் வென்றார். 1972இல் தனிக்கட்சி தொடங்கி 1977இல் முதலமைச்சரானார். அவருடைய ரசிகர் மன்றங்களே அக்கட்சியின் கிளைகளாயின.

ஆனால் புகழ் எல்லோரையும் கரைசேர்க்கவில்லை. நடிப்பில் அவருக்குச் சற்றும் குறையாத சிவாஜி கணேசன் 1988இல் கட்சி தொடங்கி, அடுத்த ஆண்டே திருவையாற்றில் தோற்றார். ரஜினிகாந்த் 2017 டிசம்பர் 31 அன்று அரசியலுக்கு வருவதாக அறிவித்து, மூன்று ஆண்டுகள் கழித்து வரவில்லை என்றார். கமல்ஹாசன் 2021இல் கோவை தெற்கில் 1,728 வாக்குகளில் தோற்றார். எங்கள் பகுதியினர் நேரில் கண்ட சான்று விஜயகாந்த். 2011இல், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ரிஷிவந்தியத்தில் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். ஐந்தே ஆண்டுகளில், அதே மாவட்டத்தின் உளுந்தூர்பேட்டை அவரை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியது. கூட்டம் இரண்டு தேர்தலிலும் கூடியது. வாக்கு அப்படி இல்லை.

இது தமிழ்நாட்டின் தனிப் பழக்கமும் அன்று. உக்ரைனில் தொலைக்காட்சித் தொடரில் அதிபராக நடித்த நகைச்சுவை நடிகர் ஒருவர், 2019இல் 73 விழுக்காடு வாக்குகளுடன் உண்மையாகவே அதிபரானார். அவரே செலன்ஸ்கி. அவருடைய கட்சிக்கு அத்தொடரின் பெயரே சூட்டப்பட்டது. வழக்கமான பொதுக்கூட்டங்களைவிடக் காணொளிகளையே அவர் தம் பரப்புரையில் அதிகம் நம்பினார்.

அப்படியானால் இன்று மாறியது என்ன? நான் புரிந்துகொண்ட அளவில் மாறியது வேகமும், பரப்புரை செய்பவர் யார் என்பதும்.

அன்று சுவரொட்டியை ஒட்டக் கட்சிக்காரர் வேண்டும், பசை வேண்டும், பணம் வேண்டும். இன்று என் மகன் தன் கைக்காசில் தரவுத் திட்டம் வாங்கி, தானே படமெடுத்து, தானே பாட்டுச் சேர்த்து, தானே பரப்புகிறான். 2020 பிப்ரவரியில் நெய்வேலியில் படப்பிடிப்புக்கு வந்த விஜய், ஒரு வாகனத்தின் மேல் ஏறி நின்று திரண்டிருந்த கூட்டத்துடன் ஒரு தற்படம் எடுத்து ட்விட்டரில் வெளியிட்டார். அவ்வாண்டு இந்தியாவில் மிக அதிகமாகப் பகிரப்பட்ட பதிவு அதுவே என்று அந்நிறுவனம் அறிவித்தது. அப்படத்தில் ஒரு கொள்கையும் இல்லை, ஒரு கோரிக்கையும் இல்லை. கூட்டத்தைக் கூட்டத்துக்கே காட்டிய படம் அது. அதில் இருந்த ஒவ்வொருவரும் தம் முகத்தைத் தேடினார்கள், பகிர்ந்தார்கள்.

இதை வெறும் மாயை என்று ஒதுக்கவும் முடியாது. 2021 அக்டோபரில் எங்கள் விழுப்புரம் உட்பட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, அவருடைய மக்கள் இயக்கத்தினர் சுயேச்சைகளாக நின்று நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் வென்றதாக அறிவித்தார்கள். 2023இல் ஒவ்வொரு தொகுதியிலும் பொதுத்தேர்வில் முதன்மை பெற்ற மாணவர்களை அழைத்துப் பரிசளித்தார்கள். திரையில் தொடங்கிய புகழ் மெல்ல மெல்ல வார்டு வரை இறங்கியிருந்தது. எங்கள் வீட்டுக் கதவைத் தட்டாதவர்கள் என் மகனின் சட்டைப் பையில் பல ஆண்டுகளாகவே இருந்திருக்கிறார்கள்.

தேர்தல் ஆணையமும் இதை அறியாமல் இல்லை. வேட்பாளர் தம் வேட்புமனுவுடன் அளிக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில் சமூக ஊடகக் கணக்குகளைக் குறிப்பிட வேண்டும். அவற்றில் தரும் விளம்பரங்களுக்கு முன்னனுமதி பெற வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் காட்ட வேண்டும். சட்டமன்ற வேட்பாளருக்கு நம் மாநிலத்தில் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். ஆனால் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் தாமாக வெளியிடும் காணொளிகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? புகழ் உள்ளவருக்கு இலவசமாகக் கிடைப்பதை, புகழில்லாத ஒரு நல்ல வேட்பாளர் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பெரிய கட்சிகள் இதற்கெனத் தகவல் தொழில்நுட்ப அணிகளையும் தேர்தல் வியூக நிறுவனங்களையும் வைத்திருக்கின்றன. யாரும் இதற்கு வெளியே இல்லை.

ரமளானில் எனக்கு நேர்ந்தது

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

2025 மார்ச் 7 அன்று சென்னை ராயப்பேட்டை ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் விஜய் இஃப்தார் நிகழ்ச்சி நடத்தினார். தொப்பி அணிந்து, தொழுகையில் கலந்துகொண்ட அவர் படம் ஒரே இரவில் எல்லாக் குழுக்களிலும் வந்துவிட்டது. சிலர் நெகிழ்ந்தார்கள். சிலர் ஏற்பாட்டில் ஒழுங்கில்லை, ரமளானின் கண்ணியம் கெட்டது என்று புகார் கொடுத்தார்கள். எங்கள் மஹல்லாவிலும் இதே பேச்சு. தராவீஹுக்குப் பின் ஒருவர், "ஹஜ்ரத், இதைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

நான் இரண்டு விஷயங்கள் சொன்னேன். ஒன்று, நம்முடன் நோன்பு திறக்க வருபவர் எவராயினும் விருந்தாளி. அவருடைய உள்ளத்தைப் பிளந்து பார்க்கும் அதிகாரம் நமக்கு இல்லை. நன்றியோடு வரவேற்பதே நம் பண்பு. இரண்டு, ஒரு தொப்பியையும் ஒரு குவளைக் கஞ்சியையும் வைத்து எந்தத் தலைவரையும், அவர் எக்கட்சியினர் ஆயினும், எடைபோடாதீர்கள். வக்ஃப் சொத்தைப் பற்றி, பிள்ளைகளின் படிப்பைப் பற்றி, வேலையைப் பற்றி அவர் என்ன செய்வார் என்று கேளுங்கள். ஏழு நிமிடப் பேச்சு.

யாரோ அதைப் படமெடுத்திருந்தார்கள். இரண்டு நாட்களில் அது இரண்டாகக் கிழிந்து உலாவியது. முதல் பகுதியை மட்டும் வெட்டியவர்கள், 'இளைய தலைவருக்கு ஆலிம் வரவேற்பு' என்று தலைப்பிட்டார்கள். இரண்டாம் பகுதியை மட்டும் வெட்டியவர்கள், 'கஞ்சி அரசியலைக் கிழித்த இமாம்' என்று போட்டார்கள். இரண்டிலும் பேசுவது நான்தான். இரண்டும் என் சொற்கள்தான். ஆனால் இரண்டும் நான் சொன்னவை அல்ல. ஒரே நாளில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "ஜஸாக்கல்லாஹ்" என்றார், மற்றொருவர், "எவ்வளவு வாங்கினீர்?" என்று கேட்டார். துபாயிலிருந்து மைத்துனர் அழைத்தார். முத்தவல்லி என்னைத் தனியே கூப்பிட்டு, "ஹஜ்ரத், பள்ளிவாசலுக்கு எல்லாக் கட்சியினரும்தான் வருகிறார்கள்" என்று மென்மையாகச் சொன்னார். அந்த மென்மை எனக்கு வலித்தது.

இதுவரை சொன்னது மற்றவர்கள் எனக்குச் செய்தது. நான் எனக்குச் செய்துகொண்டது வேறு.

மூன்றாம் நாள், சஹருக்கு முன் தஹஜ்ஜுத் தொழ எழுந்தேன். உளூச் செய்யப் போகுமுன் என் கை கைப்பேசியைத் தேடிற்று. எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். முந்தைய இரவு 90 ஆயிரமாக இருந்தது, ஒரு லட்சத்தைக் கடந்திருந்தது. வருத்தப்பட வேண்டிய அந்த இடத்தில், என் நெஞ்சின் ஓர் ஓரத்தில் ஓர் இனிப்பு ஊறியது. இருபது ஆண்டுகளாக எத்தனையோ பிள்ளைகளுக்கு அலிஃப், பா, தா கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஒருவரும் என்னைக் கவனித்ததில்லை. இப்போது லட்சம் பேர். அடுத்த பயானில் எதைச் சொன்னால் இதுபோல் பரவும் என்றுகூட மனம் ஒரு கணம் கணக்குப் போட்டது. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

நிமிர்ந்து பார்த்தால், தண்ணீர் குடிக்க எழுந்த என் மகன் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"எத்தனை பேர் அத்தா பார்த்திருக்காங்க?" என்று கேட்டான்.

அவன் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டான். அதுதான் என்னைத் தலைகுனிய வைத்தது. தோளில் ஏறித் துண்டைச் சுழற்றிய பதினேழு வயதுப் பிள்ளைக்கும், தொழுகை விரிப்பின் அருகே எண்ணிக்கை பார்த்த நாற்பது வயதைக் கடந்த ஆசிரியனுக்கும் என்ன வேறுபாடு? அவன் பிறருடைய புகழில் ஒரு துளி தேடினான். நான் என் சொந்தப் புகழையே தேடினேன். என் நிலைதான் மோசம்.

மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவரைப் பற்றிய ஹதீஸை நான் எத்தனை முறை பாடம் எடுத்திருக்கிறேன்! வீரர் என்று புகழப்படப் போரிட்டவர், கொடையாளி என்று பேசப்படக் கொடுத்தவர், அறிஞர் என்றும் ஓதுபவர் என்றும் சொல்லப்படக் கற்று ஓதியவர். முஸ்லிம் நூலில் இடம்பெற்ற ஹதீஸ் அது. அதில் அந்த அறிஞரை நான் எப்போதும் வேறு யாரோ என்று நினைத்துத்தான் விளக்கியிருக்கிறேன்.

அன்று சஹர் உணவின்போது மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். வி.சாலைக்குப் போனதற்காக அல்ல, பொய் சொன்னதற்காகத்தான் நான் கோபப்பட்டிருக்க வேண்டும் என்றேன். அன்று தண்ணீர் கொடுக்காமல் கேள்வி கேட்டது என் தவறு என்றேன். அவனும் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டான். அலமாரியைத் திறந்தேன்.

காலித் (ரலி) அவர்களின் பதவி

அதற்குப் பின் என் சிந்தையில் அடிக்கடி வந்த வரலாறு ஒன்றுண்டு. உமர் (ரலி) அவர்கள் கலீஃபா ஆனதும், வெற்றிமேல் வெற்றி கண்ட காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களைத் தலைமைப் பொறுப்பிலிருந்து விலக்கி, அபூ உபைதா (ரலி) அவர்களை நியமித்தார்கள். காலித் அவர்கள் முணுமுணுக்காமல் அபூ உபைதாவின் தலைமையில் தொடர்ந்து போரிட்டார்கள். பின்னர் முழுவதுமாக விடுவித்தபோது, கோபத்தினாலோ மோசடிக் குற்றத்தினாலோ அவரை நீக்கவில்லை, மக்கள் அவரிடம் மயங்கி, வெற்றி அவரால்தான் வருகிறது என்று நம்பத் தொடங்கிவிட்டதாலேயே நீக்கினேன் என்ற கருத்தில் உமர் அவர்கள் மாகாணங்களுக்கு எழுதியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

காலித் அவர்களிடம் குறை இல்லை. குறை மக்களின் பார்வையில் வந்துகொண்டிருந்தது. அதைத்தான் உமர் அவர்கள் அஞ்சினார்கள். புகழ் பெற்றவர் நல்லவரா கெட்டவரா என்று மட்டும் நாம் விவாதிக்கிறோம். புகழ் நம் கண்ணுக்கு என்ன செய்கிறது என்று கேட்பதில்லை.

புகழே கூடாது என்பதும் என் கருத்தன்று. காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் அவர்கள் திருநெல்வேலிக்காரர். கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் 1962, 1967, 1971 என மூன்று முறை அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மொழி வேறு, மாநிலம் வேறு. அவர் பெயரும் புகழ்தான். ஆனால் அது அவருடைய நாணயத்தையும் நடத்தையையும் கண்டவர்கள் வாய்வழியே சென்ற புகழ். அத்தகைய புகழ் பரவப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஒரு காணொளி பரவ ஓர் இரவு போதும்.

கரூருக்குப் பின்

வி.சாலை மாநாடு நடந்து சரியாகப் பதினொரு மாதங்கள் கழித்து, 2025 செப்டம்பர் 27 அன்று, கரூர் வேலுச்சாமிபுரத்தில் அதே தலைவரைப் பார்க்கக் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 41 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். யார் பொறுப்பு என்பதை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல உரிமையற்றவன். ஆனால் மரணச் செய்தி வந்த அதே இரவில், ஒருவர்மீது ஒருவர் பழிபோடும் காணொளிகள் எத்தனை வந்தன! மய்யித்தை அடக்கும் முன்பே அதை வைத்துப் பரப்புரை நடந்தது. எல்லாப் பக்கத்திலிருந்தும் நடந்தது.

மகன் அன்றிரவு உறங்கவில்லை. பஜ்ருக்கு என்னுடன் பள்ளிவாசலுக்கு வந்தான். திரும்பும் வழியில் சொன்னான்: "அத்தா, அன்னைக்கு நானும் அப்படித்தான் முன்னாடி போக முண்டினேன். எனக்கு முன்னாடி ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிட்டு நின்னாங்க. நான் அவங்களைத் தள்ளினேன்."

நான் அவன் தோளில் கை வைத்தேன். வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. வீடு வரை அப்படியே நடந்தோம்.

வீட்டில் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு

அதற்குப் பின் நாங்கள் இருவரும் சேர்ந்து சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டோம். இவை மார்க்கத் தீர்ப்பு அல்ல. ஒரு குடும்பத்தின் அனுபவம்.

முதலாவது, பகிருமுன் விசாரிப்பது. வந்த செய்தியை ஆராய்ந்து தெளிவு பெறும்படி சூரா அல்ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியுடன் வரும் செய்தி பலமுறை கைமாறி வந்தது என்பதற்கான அடையாளம். வதந்தியால் உயிர்கள் போன பிறகு, 2018இல் அந்நிறுவனம் நம் நாட்டில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப இயலாதபடி செய்தது. 2020இல், பலமுறை கைமாறிய செய்தியை ஒருவருக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்றாக்கியது. ஒரு வணிக நிறுவனமே நம் விரலுக்கு வேலி போட வேண்டியதாயிற்று. இரட்டை அம்பு கண்டால், முழுக் காணொளியும் கிடைக்காமல் பகிர்வதில்லை என்று முடிவு செய்தோம். வெட்டப்பட்டவன் என்ற முறையில் அந்த விதியை முன்மொழிந்தவன் நானே.

இரண்டாவது, எந்தத் தலைவரைப் பற்றிய பேச்சாயினும் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவது: இவர் எங்கள் தொகுதிக்கு நிறுத்தும் வேட்பாளர் யார்? அவருடைய உறுதிமொழிப் பத்திரத்தில் சொத்து, வழக்கு, கல்வி பற்றி என்ன இருக்கிறது? நம்மைப் பாதிக்கும் ஒரு சட்டம் வந்தபோது இவர் என்ன செய்தார்? 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்தச் சட்டம் நிறைவேறியபோது யார் எப்படி வாக்களித்தார்கள், யார் யார் உச்ச நீதிமன்றம் சென்றார்கள் என்று மகனே தேடி எழுதினான். தி.மு.க. தரப்பும் சென்றிருந்தது, த.வெ.க. தலைவரும் சென்றிருந்தார். "அப்போ ரெண்டு பேருக்கும் இதில் மதிப்பெண் உண்டு அத்தா" என்றான். நியாயமாகப் பேசக் கற்றுக்கொள்கிறான் என்று மகிழ்ந்தேன்.

மூன்றாவது எனக்கானது. என் பயானைப் படமெடுப்பதாயின் முழுவதும் எடுக்க வேண்டும். வெளியிட்ட பின் எண்ணிக்கையை நான் பார்ப்பதில்லை. இதைக் காப்பது எளிதாக இல்லை. இரண்டு முறை தவறியிருக்கிறேன். தவறிய நாளில் மகனிடம் சொல்லிவிடுகிறேன்.

அவன் அன்றிரவு சொன்ன சொல்லுக்கும் பதில் தேட வேண்டியிருந்தது. எந்த ஊர், என்ன சாதி, என்ன மதம் என்று யாரும் கேட்காத ஓர் இடத்தை அவன் வி.சாலை வெயிலில் கண்டானாம். அந்த இடம் தினமும் ஐந்து வேளை நம் தெருவிலேயே விரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நம் பள்ளிவாசலில் இளைஞர்களைப் பின்வரிசைக்கு அனுப்புகிறோம். ஜமாஅத் கூட்டத்தில் அவர்கள் வாய் திறந்தால் "சின்னப்பையன், சும்மா இரு" என்கிறோம். தம்மை மதித்து அழைக்கும் குரல் எங்கிருந்து வந்தாலும் அவர்கள் போகத்தான் செய்வார்கள். இதை நிர்வாகத்தில் எடுத்துச் சொன்னேன். இப்போது மாதத்தில் ஒரு நாள் இஷாவுக்குப் பின் இளைஞர்கள் பேசுகிறார்கள், பெரியவர்கள் கேட்கிறோம். முதல் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள்.

படிவம் ஆறு

2025 நவம்பர் 4 முதல் நம் மாநிலத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. இதைப் பற்றி எங்கள் குழுக்களில் வந்த இரட்டை அம்புச் செய்திகளுக்குக் கணக்கில்லை. குறிப்பிட்ட பெயர்களை மொத்தமாக நீக்கிவிட்டார்கள் என்று ஒன்று. படிவமே கொடுக்க வேண்டாம் என்று மற்றொன்று. மகன் ஒன்றையும் பகிரவில்லை. நேரே வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் போய்ப் பார்த்தான். வீட்டில் உள்ளோரின் கணக்கெடுப்புப் படிவங்களை நிரப்பிக் கொடுத்து ஒப்புகை பெற்றுவந்தான். பிறகு அண்டைவீட்டுப் பாட்டியம்மாவின் படிவத்தையும், கணவர் வெளிநாட்டில் இருக்கும் இரண்டு சகோதரிகளின் படிவங்களையும் நிரப்பிக் கொடுத்தான். இதைப் பற்றி எந்தக் காணொளியும் அவன் போடவில்லை.

அவனுக்கு அவ்வாண்டு பதினெட்டு நிறைந்துவிட்டது. ஒரு நாள் மஃரிபுக்குப் பின், புதிய வாக்காளருக்கான படிவம் ஆறை என் முன் வைத்து, தந்தை பெயர் எழுத வேண்டிய இடத்தில் எழுத்துப் பிழையில்லாமல் என் பெயரை எழுதச் சொன்னான். எழுதிக் கொடுத்தேன்.

"யாருக்குப் போடப்போகிறாய்?" என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான் என்று மட்டும் நினைவூட்டினேன். வாக்கும் ஓர் அமானிதம். அவனுடைய அமானிதத்துக்கு அவனே பொறுப்பாளி.

"விசாரிச்சுட்டுத்தான் போடுவேன் அத்தா" என்றான்.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளைக் கூட்டத்தின் நெரிசலிலிருந்தும், எங்களைப் புகழின் ஆசையிலிருந்தும் காப்பாயாக. கரூரில் பிள்ளைகளை இழந்த பெற்றோருக்குப் பொறுமையைத் தருவாயாக. அறிந்து பேசவும், அறியாதபோது மௌனமாக இருக்கவும் எங்களுக்குத் தௌஃபீக் செய்வாயாக. ஆமீன்.

வல்லாஹு அஃலம்.